வெட்டப்படாத பதிவும் நேர்மை என்னும் மயக்கமும்

சென்னையின் தென்புறநகரில், தாம்பரம், சேலையூர் தொடங்கிக் குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் வரை, பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கைபேசியை முக்காலியில் நிறுத்திப் பாடம் நடத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்ப்பது, மொட்டை மாடியில் தோட்டம் போடுவது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய கருவியை மீண்டும் ஓடவைப்பது, புதிதாக வாங்கிய குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நிறைகுறைகளைச் சொல்வது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள் பலவகைப்படும். பிழைப்புக்காக இன்றி ஆர்வத்தால் இதைச் செய்யும் இவர்களிடையேயும் இவர்களைப் பார்ப்போரிடையேயும் ஒரு கருத்து ஏறத்தாழ விதியாகவே ஊன்றிவிட்டது. எடிட்டிங் எனப்படும் படத்தொகுப்பு, அதாவது எடுத்த காட்சிகளில் வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை உரிய வரிசையில் கோத்து, தேவையான இடத்தில் குரலும் எழுத்தும் சேர்க்கும் வேலை, தொழில்முறைச் சேனல்களுக்கு உரியது என்றும், ஆர்வலர் தம் பதிவை எடுத்தது எடுத்தபடியே ஏற்றுவதுதான் நேர்மை என்றும், வெட்டுவது பார்ப்பவரிடம் எதையோ மறைப்பதற்குச் சமம் என்றும் அக்கருத்து சொல்கிறது. இது பிழையான கருத்து. கற்க வருபவருக்குத் தீங்கு விளைவிக்கும் கருத்தும்கூட.

அதற்கு மதிக்கத்தக்க வேர் ஒன்று உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெயில் போட்டது ஒன்று, தட்டில் வந்தது வேறொன்று என்று இடையில் சத்தமில்லாமல் மாற்றிவைக்கும் சமையல் வீடியோக்களையும், நிறுவனம் இலவசமாக அனுப்பிய பொருளைச் சொந்தக் காசில் வாங்கியதுபோலக் காட்டும் மதிப்பீடுகளையும் பார்த்துச் சலித்த பார்வையாளர், வெட்டே இல்லாத ஒரு நீள்பதிவைக் கண்டதும் நம்பத் தலைப்படுவது இயல்பே. தடுமாற்றமும் தும்மலும் குறுக்கே ஓடும் குழந்தையும் அப்படியே இடம்பெறும் பதிவில், பேசுபவர் தம்மைப்போன்ற ஒருவர்தான் என்ற நெருக்கம் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. அந்த நெருக்கத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் நெருக்கம் வேறு, உண்மை வேறு. முன்னதைப் பின்னதற்குச் சான்றாகக் கொள்ளும் இடத்தில்தான் வாதம் சறுக்குகிறது.

வெட்டு இல்லாமலே பொய் சொல்ல முடியும் என்பதை ஆவணப்பட வரலாறு தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. ராபர்ட் ஃபிளாகர்ட்டி 1922இல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தில், பனிக்குடிலுக்குள் வெளிச்சம் போதாததால் பாதி திறந்த குடில் ஒன்று கட்டப்பட்டு, அதற்குள் குடும்பம் உறங்கி எழுவதாகக் காட்டப்பட்டது. துப்பாக்கிக்குப் பழகிவிட்டிருந்த வேட்டைக்காரர்கள் பழைய ஈட்டியோடு வேட்டையாட வைக்கப்பட்டார்கள். இந்தப் புனைவுகள் நிகழ்ந்த இடம் கேமராவின் முன்புறம். படத்தொகுப்பு மேசைக்கு அதில் பங்கில்லை. இதற்கு மாறாக, அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன், ஒரு நிறுவனத்தின் அன்றாடத்தை நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவுசெய்து, பல மாதங்கள் அமர்ந்து அதைச் சில மணி நேரப் படமாக்கும் முறையைக் கைக்கொண்டார்; எடுத்ததில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டிய அந்தப் படங்கள்தாம் பள்ளியையும் மருத்துவமனையையும் உள்ளபடி காட்டிய ஆவணங்களாக மதிக்கப்படுகின்றன. ஆர்வலரின் வெட்டாத பதிவிலும் தேர்வு இல்லாமல் இல்லை. கேமராவை எந்தப் பக்கம் வைப்பது, பதிவுப் பொத்தானை எப்போது அழுத்துவது, சரியாக வராத பதிவுகளை அழித்துவிட்டுச் சரியாக வந்ததை மட்டும் ஏற்றுவது என எல்லாமே தேர்வுகள்தாம். ஒத்திகை பார்த்துவிட்டு ஒரே மூச்சில் எடுத்த பதிவு, அதற்கு முன் கெட்டுப்போன முயற்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

தமிழ்ப் பதிப்பு மரபு இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, கைக்குக் கிடைத்த ஏடு ஒன்றை இருந்தது இருந்தபடியே அச்சுக்கோத்துத் தந்திருந்தால் அவர் வேலை எளிதில் முடிந்திருக்கும். அவர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, ஏடெழுதியவர்களின் கைப்பிழைகளைக் களைந்து, ஏட்டுக்கு ஏடு மாறுபடும் வாசகங்களான பாடபேதங்களை வாசகர் அறியக் குறித்து, முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்துப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடு அவருடைய பதிப்பைவிட நேர்மையானது என்று எந்தத் தமிழறிஞரும் சொன்னதில்லை. பதிப்பாசிரியர் எதையும் தொடாமல் விட்டதால் நம்பப்படுவதில்லை, தாம் தொட்ட இடத்தைச் சொல்லிவிடுவதால் நம்பப்படுகிறார். வீடியோவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பொருள் மதிப்பீடு தொடர்பாக இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2021இல் வெளியிட்ட நெறிகளும், மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும், பணம் பெற்றாலோ பொருளை இலவசமாகப் பெற்றாலோ அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், வீடியோவாக இருந்தால் கீழே உள்ள விவரக் குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது, வீடியோவுக்குள்ளேயே தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. இலவசமாக வந்த பொருளை அப்படிச் சொல்லாமல் புகழும் பதிவு, வெட்டே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடினாலும் முதல் நொடியிலிருந்தே பொய்தான்.

கற்பிக்கும் வீடியோவுக்கு வந்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது, ஏனெனில் அங்கே பார்ப்பவர் பார்ப்பதோடு நிற்பதில்லை, கூடவே செய்கிறார். தாம்பரம் வட்டாரத்துத் தனிவீடுகளில், தரைக்கடியில் உள்ள சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை அல்லது ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருப்பது வழக்கம். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கெப்பாசிட்டரை. கடைக்காரர்களும் எலக்ட்ரீஷியன்களும் கண்டென்சர் என்று சொல்லும் உருளை வடிவப் பாகம் அது. ஒற்றைக்கட்ட மின்சாரத்தில் இத்தகைய மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது என்பதால், துணைச்சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை முதன்மைச் சுருளின் மின்னோட்டத்திலிருந்து காலத்தால் சற்று விலக்கி, சுழற்சி தொடங்குவதற்கான உந்துதலை அது உண்டாக்குகிறது. மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம் ஆகையால், சுவிட்சை அணைத்த பிறகும் அதன் முனைகளில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதை வெளியேற்றிய பிறகே விரல் வைக்க வேண்டும். புதிதாக வாங்கும் கண்டென்சர், பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்கும் வோல்ட் அளவுக்கும் பொருந்தவும் வேண்டும்.

இந்த வேலையை அனுபவமுள்ள ஒருவர் பேசிக்கொண்டே தொடர்ச்சியாகப் பதிவுசெய்வதாகக் கொள்ளலாம். அவருடைய கை பழக்கத்தால் தானே இயங்குகிறது. ஒன்பதாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து ஒயரைக் கழற்றிவிடுகிறார். பதினான்காவது நிமிடத்தில், ‘ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், கண்டென்சரைத் தொடுறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க’ என்கிறார். எடுத்தபடியே ஏற்றும் கொள்கைப்படி இந்த வரிசை மாறாமல் பார்ப்பவரிடம் போய்ச் சேருகிறது. பார்ப்பவரோ மோட்டார் அருகில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திச் செய்பவர். பதினான்காவது நிமிடத்து எச்சரிக்கை அவரை எட்டுவதற்குள் அவருடைய விரல் கண்டென்சரின் முனையில் இருக்கும். கற்பித்தவர் எதையும் மறைக்கவில்லை, ஒரு சொல்லும் பொய்யில்லை, பதிவு முழுக்க முழுக்க உண்மை. ஆனாலும் அது ஆபத்தான பாடம். நேரில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எதிரில் இருப்பவரின் கை தவறான இடத்துக்குப் போனால் ஆசிரியர் உடனே தடுத்துவிடுவார். வீடியோவில் அந்தத் தடுக்கும் கை இல்லை. பதினான்காவது நிமிடத்தில் சொன்னதை எடுத்து ஒன்பதாவது நிமிடத்துக்கு முன்னால் வைப்பதுதான் அந்தக் கையின் வேலையைச் செய்கிறது, அதன் பெயர்தான் படத்தொகுப்பு.

பாடத்தில் நேரக்கூடிய குற்றங்களைத் தமிழ் இலக்கணம் தனியே வகுத்துவைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லுமிடத்தில், சொன்னதையே மறுபடி சொல்லும் ‘கூறியது கூறல்’, எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கும் ‘மற்றொன்று விரித்தல்’, முன்பின் முரணப் பேசும் ‘மாறுகொளக் கூறல்’, போகப்போகப் பொருள் தேய்ந்து ஓய்ந்துவிடும் ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஆகியவை உண்டு. திட்டமிடாமல் பேசித் திருத்தாமல் ஏற்றிய பயிற்சி வீடியோ எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். இவை பேசுபவரின் அறியாமையால் வருவன என்று சொல்வது அநியாயம். யோசித்துக்கொண்டே பேசும் எவருக்கும் இவை நேரும். எழுத்தில் இவை திருத்தப்படுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, எடுத்தபடியே ஏற்றும் வீடியோவில் அந்தக் கட்டமே இல்லை.

வேண்டாத பகுதியைப் பார்ப்பவரே தள்ளிவிட்டுப் போகலாம், அல்லது வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம், அதற்காக எடுத்தவர் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது அடுத்த வாதம். எதைத் தள்ளலாம் என்று தெரிந்தவருக்கு அந்தப் பாடமே தேவைப்படாது. தெரியாதவர்தான் பாடம் தேடி வருகிறார், அவருக்கு எந்த நிமிடம் முக்கியம், எது வெற்றுப்பேச்சு என்று பிரித்தறிய வழியில்லை. கல்வி உளவியலில் ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாடு, மனித மனத்தின் செயல்நினைவு ஒரே சமயத்தில் மிகச் சிலவற்றையே தாங்கும் என்பதிலிருந்து தொடங்கி, பாடம் அமைக்கப்பட்ட விதத்தால் ஏறும் தேவையற்ற சுமை கற்பதற்கான இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்று காட்டியது. பொருளுக்குத் தொடர்பில்லாத சொல்லையும் படத்தையும் ஒலியையும் நீக்கினால் கற்றல் மேம்படுகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் தம் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளில் ஒத்திசைவு நெறி என்ற பெயரில் நிறுவினார். இவை ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று ஒதுக்குபவர்கள், கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது கைபேசித் திரையைத் தேய்த்துத் தேய்த்து உரிய இடத்தைத் தேடிப் பார்த்தால் போதும். இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். தள்ளிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோரின் வீடியோக்கள்தாம், ‘ஸ்கிப் பண்ணாம கடைசி வரைக்கும் பாருங்க’ என்ற வேண்டுகோளோடு தொடங்குகின்றன. இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியாது.

அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் பொருளாதாரக் காரணம் ஒன்று இருக்கிறது, வெட்டாமையை எளிமையின் அடையாளமாகக் கொண்டாடுபவர்கள் அதைப் பேசுவதில்லை. நீள வீடியோக்களின் வழியே யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற, ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். வீடியோவின் நடுவில் விளம்பரம் வர வேண்டுமானால் அது குறைந்தது 8 நிமிடம் ஓட வேண்டும். 2020 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 10 நிமிடமாக இருந்தது. ஆக, மூன்று நிமிடத்தில் முடியும் பாடத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு இழுப்பது ஏற்றுபவருக்கு லாபம், பார்ப்பவருக்கு நட்டம். வருவாயை எண்ணாத ஆர்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது உண்மை, அவர்கள்மீது இந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் நீளம் நேர்மைக்குச் சான்று என்ற கருத்து நிலவும் வரை, நேரத்தைத் திருடுபவரும் நேர்மையாளரும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே தோற்றத்தில்தான் இருப்பார்கள்.

நேரமும் பணமும் இல்லை என்ற முறையீடு ஓரளவு நியாயமானது, ஆயினும் அது ஒரு காலத்தில் இருந்த வலிமையை இழந்துவிட்டது. படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் படத்தொகுப்பு என்பது அறையும் இயந்திரமும் உதவியாளர்களும் வேண்டிய தொழில். இன்று டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் ஷாட்கட்டும் கணினியில் கிடைக்கின்றன, கைபேசியிலேயே கைன்மாஸ்டர் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆர்வலரிடம் கேட்கப்படுவது திரைப்பட நேர்த்தி அன்று. தவறாகச் சொன்னதை நீக்குவது, எச்சரிக்கையை முன்னால் கொண்டுவருவது, தேவையான பாகங்களின் அளவுகளைத் திரையில் எழுத்தாகப் போடுவது, ஒலி கெட்ட இடத்தில் மீண்டும் பேசிச் சேர்ப்பது ஆகிய இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதுக்குள் முடியக்கூடியவை. ஒலியைப் பற்றி இவ்வட்டாரத்தவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் பல்லாவரத்து மொட்டை மாடிகளைக் கடக்கும்போதும், 1931இலிருந்து மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஹாரன் ஒலிக்கும்போதும், ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்துகள் அலறும்போதும் பேச்சு அடியோடு மூழ்கிவிடுகிறது. அப்படி மூழ்கிய சொல் ‘சிவப்பு ஒயர்’ என்பதா ‘கறுப்பு ஒயர்’ என்பதா என்று பார்ப்பவரை ஊகிக்க விடுவதில் எந்த நேர்மையும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது இன்னொன்று. படத்தொகுப்பு என்ற பெயரில் தமிழ் யூடியூபில் நடப்பது என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள்: வாக்கியத்துக்கு வாக்கியம் வடிவேலு காட்சி, காதைக் கிழிக்கும் பின்னணி இசை, மூச்சு விடும் இடைவெளியைக்கூட வெட்டியெறிந்து சொல்லின் மேல் சொல் ஏறும் வேகம். இந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி. ஆனால் அது கெட்ட படத்தொகுப்பின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு. மேயர் நீக்கச் சொன்ன தொடர்பற்ற ஒலியும் படமும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கப்படும் நிலை அது. பேச்சில்லாத நொடிகள் எல்லாம் வீண் என்று கருதி, மௌனத்தைத் தானாகக் கண்டுபிடித்து நீக்கும் வசதியிடம் பயிற்சி வீடியோவை ஒப்படைப்பவர், பாடத்தின் உயிரையே அறுத்துவிடுகிறார். ஸ்குரூவை எவ்வளவு அழுத்தத்தோடு திருப்புவது, மண்ணும் உரமும் கலக்கும்போது ஈரப்பதத்தை விரலால் எப்படி உணர்வது என்பவற்றைக் கை பேசாமல் சொல்லிக்கொண்டிருக்கும், அந்த நொடிகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். 2014இல் ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் இணையவழிப் பாடங்கள் பார்க்கப்பட்ட 69 இலட்சம் அமர்வுகளின் தரவை ஆராய்ந்தபோது, குறுகிய வீடியோக்கள் கூடுதலாகக் கவனத்தை ஈர்த்தன என்று கண்டார்கள். வகுப்பறையில் எடுத்த நீண்ட உரையைப் பின்னால் துண்டு துண்டாக நறுக்குவது அதே பலனைத் தரவில்லை என்றும், பெரும் செலவில் எடுத்த படப்பிடிப்பைவிட நேருக்கு நேர் பேசும் எளிய பதிவு பல சமயம் மேலாக இருந்தது என்றும் சேர்த்தே கண்டார்கள். இயல்பான பேச்சுக்கும் படத்தொகுப்புக்கும் பகையில்லை. எடுப்பதற்கு முன் யோசித்தவர் எடுத்த பிறகு வெட்ட வேண்டியது குறைவு என்பதும் இதனால் தெளிவாகிறது.

பொருள் மதிப்பீட்டில் எதை வெட்டலாகாது என்பதற்குச் சுத்திகரிப்பு இயந்திரமே தக்க எடுத்துக்காட்டு. தென்புறநகரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் மிக்கது என்பதால் ஆர்.ஓ. இயந்திரம் பற்றிய வீடியோக்களுக்குத் தேவை அதிகம். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ்., இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2,000 வரை அனுமதிக்கப்படுவது. இயந்திரத்தை மதிப்பிடுபவர், உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளவிடும் மீட்டரின் திரையை வெட்டாமல் காட்ட வேண்டும். ஒரு லிட்டர் நிரம்ப ஆகும் நேரத்தையும், அதற்குள் கழிவாக வாளியில் சேரும் நீரின் அளவையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நிமிடங்கள் முழுவதும் குழாயில் நீர் சொட்டுவதைப் பார்ப்பவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. கடிகாரம் ஒன்றைச் சட்டகத்துக்குள் வைத்து, காட்சியை வேகப்படுத்தி, வேகப்படுத்தியதைத் திரையில் எழுதிவிட்டால் உண்மையும் குறையவில்லை, நேரமும் வீணாகவில்லை. பரிசோதனை தோற்றுப்போனால் அந்தத் தோல்வி இருந்தே ஆக வேண்டும். தோல்விக்குப் பிறகு ஸ்பேனரைத் தேடி வீடு முழுக்கச் சுற்றியது இருக்க வேண்டியதில்லை.

தொழில்முறையாளரைவிட ஆர்வலருக்குத்தான் படத்தொகுப்பு கூடுதலாகத் தேவை என்பதே இந்த மறுப்பின் மையம். கிண்டியை ஒட்டிய சென்னை ஐஐடியும் மற்ற ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தின் விரிவுரைகளில் பல நீளமானவை, வெட்டு மிகக் குறைந்தவை, ஆயினும் பயன் மிக்கவை என்று எதிர்த்தரப்பினர் சுட்டக்கூடும். அந்த விரிவுரைகளுக்குப் பின்னால் பாடத்திட்டமும், அதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய பேராசிரியரும் இருக்கிறார்கள். திருத்தம் அங்கே கேமராவுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சிக்குப் பின்னால் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையே நிற்கிறது. சேலையூரில் தனியாக அமர்ந்து மோட்டார் பாடம் எடுப்பவருக்குப் பாடத்திட்டம் இல்லை, உடன் ஆசிரியர் இல்லை, சரிபார்க்கும் குழு இல்லை. தம் பதிவைத் தாமே முதல் பார்வையாளராக இருந்து கண்டு, எங்கே தவறினோம் என்று நிறுத்திப் பார்க்கும் ஒரே வாய்ப்பு படத்தொகுப்பின்போதுதான் அவருக்குக் கிடைக்கிறது. அதையும் நேர்மையின் பெயரால் விட்டுவிடச் சொல்வது, அவருடைய உழைப்புக்கும் அவரை நம்பி வருபவருக்கும் இழைக்கும் அநீதி.

ஏற்கெனவே ஏற்றிவிட்ட வீடியோக்களுக்கு இனி என்ன செய்வது என்று தயங்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள வெட்டும் வசதி, ஏற்றப்பட்ட வீடியோவின் தொடக்கத்தையோ முடிவையோ இடைப்பகுதியையோ இணைப்பு முகவரி மாறாமல், பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் போகாமல் நீக்க இடம்தருகிறது. விவரக் குறிப்பில் 0:00 முதல் நேரங்களை வரிசையாக எழுதினால் வீடியோ பகுதிகளாகப் பிரிந்து தெரியும் வசதியும் 2020இலிருந்து இருக்கிறது. மின்சாரம், எரிவாயு, மருந்து தொடர்பாக எடுத்தபடியே ஏற்றிய பழைய பதிவுகள் வைத்திருப்பவர்கள், அவற்றை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்து, தவறான படிகளை இந்த வாரமே நீக்கிவிட வேண்டும்.